எருமைச் சாலையும் மனித மொழியும்

சிங்கப்பூரில் தேக்காச் சந்தையை ஒட்டி பஃபலோ சாலை என்றொரு சிறு தெரு உண்டு. எருமைச் சாலை என்பது அதன் பொருள். அருகிலுள்ள கெர்பாவ் சாலைக்கும் மலாய் மொழியில் அதே பொருள்தான். இவ்வட்டாரத்தின் பழைய பெயராகிய கண்டாங் கெர்பாவ், எருமைத் தொழுவத்தைக் குறிப்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ரோச்சோர் ஆற்றங்கரையின் நீரும் புல்லும் இங்கே மாட்டு வணிகத்தைத் தழைக்கச் செய்தன. கால்நடை வணிகர் பெலிலியோசின் பெயரை ஒரு தெரு இன்றும் தாங்கி நிற்கிறது. மாடுகளை நம்பிப் பிழைக்கத் தமிழர் பலரும் வந்தனர். இருபதாம் நூற்றாண்டில் சதுப்பு நிலங்கள் தூர்க்கப்படவே, தொழுவங்கள் ஒவ்வொன்றாய் மறைந்தன.

அத்தொழுவங்களில் எழுந்த ஒலிகளை நினைத்துப் பார்க்கிறேன். கன்றைக் காணாத எருமை கதறியிருக்கும். அக்கதறலில் பொருளில்லை என்று சொல்ல எவருக்கும் மனம் வராது. ஆயினும், 'நேற்று விற்ற கன்று' என்று அதனால் சொல்ல இயலாது. நேற்று, நாளை, இல்லை, ஒருவேளை ஆகியவை அதன் குரலில் இல்லை. கண்முன் இல்லாததைப் பேசும் இவ்வாற்றலை மனித மொழியின் சிறப்பியல்புகளுள் ஒன்றாக அமெரிக்க மொழியியலார் சார்லஸ் ஹாக்கெட் 1960ஆம் ஆண்டுக் கட்டுரையில் எடுத்துக் காட்டினார். தேனீ இதற்கு ஓரளவு விலக்கு. தொலைவிலுள்ள பூக்களின் திசையையும் தூரத்தையும் அது நடனத்தால் உணர்த்துவதைக் கண்டறிந்த கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1973இல் நோபெல் பரிசு பெற்றார். ஆனால் தேனீ தன் நடனத்தைக் கொண்டு கதை சொல்வதில்லை. பொதுவாக உணவையும் புதிய கூட்டுக்கான இடத்தையும் அறிவிப்பதோடு நின்றுவிடுகிறது. நாமோ, தொல்காப்பியர் வகுத்த 30 முதலெழுத்துகளைக் கொண்டே கணக்கற்ற சொற்களையும், அச்சொற்களால் இதுவரை எவரும் கூறாத தொடர்களையும் ஆக்குகிறோம்.

அத்தொல்காப்பியரே மரபியலில் உயிர்களை அறிவால் வகைப்படுத்துகிறார். நாவை அவர் இரண்டாம் அறிவோடு வைத்தார். மனிதனுக்குரிய ஆறாம் அறிவாக வைத்ததோ மனத்தை. பேச்சு அவ்வரிசையில் தனியே இடம்பெறவில்லை. இது தற்செயலன்று என்றே கருதுகிறேன். சிராங்கூன் சாலை நடைபாதையில் கிளி சோதிடம் பார்த்தவர்களை நம்மில் பலர் கண்டிருப்போம். கிளி கூண்டை விட்டு வந்து சீட்டெடுக்கும். அதைப் படித்துப் பலன் சொல்பவர் சோதிடரே. கிளிக்கு நா உண்டு, நாம் சொன்னதைத் திருப்பிச் சொல்லும் திறமும் உண்டு.

இங்கேதான் தமிழாசிரியர் சற்றுத் தயங்கி நிற்க வேண்டியுள்ளது. ஆங்கிலமே வீட்டுமொழியாகிவிட்ட இல்லங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு நாம் மாதிரிக் கட்டுரைகளைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். அவர்களும் பிழையின்றி ஒப்பிக்கிறார்கள், மதிப்பெண்ணும் பெறுகிறார்கள். அது கிளிப்பிள்ளைப் பாடமா, தமிழா?

ஒருமுறை மாணவர் சிலரைத் தேக்காவுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். கட்டுரையில் எப்போதும் குறைந்த மதிப்பெண்ணே பெறும் ஒரு சிறுவன் தெருப் பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டு, திக்கித் திக்கித் தமிழிலேயே கேட்டான்:

"ஐயா, எருமை எல்லாம் போயிடுச்சு. அப்புறம் ஏன் பேரு மட்டும் போகல?"

அவ்வினா எந்த மாதிரிக் கட்டுரையிலும் இல்லை.