வினா நேரமும் திருச்செந்தூர்த் தொகுதியும்

வினா நேரம் என்பது நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் உறுப்பினர்கள் அமைச்சர்களிடம் கேள்வி கேட்டு, அவரவர் துறையின் செயல்களுக்கு அவையிலேயே விடை பெறும் நேரம். மக்களவையில் இது அமர்வின் முதல் ஒரு மணி நேரம், காலை 11 முதல் 12 வரை. தமிழ்நாடு சட்டப்பேரவையிலும் நாளின் அலுவல் பெரும்பாலும் வினாக்களோடுதான் தொடங்கும். சட்டம் இயற்றுவதும் வரவுசெலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் தருவதும் பெரும்பான்மையைக் கொண்டு முடிவாகும் காரியங்கள். கேள்வி கேட்க அந்தப் பெரும்பான்மை தேவையில்லை. ஓர் உறுப்பினர் தனி ஆளாகக் கேட்கலாம், அவர் ஆளுங்கட்சிக்காரராகவும் இருக்கலாம்.

1957இல் அப்படி ஆளுங்கட்சி வரிசையிலிருந்து எழுந்த கேள்விகள் நிதியமைச்சர் ஒருவரைப் பதவி விலக வைத்தன. அவர் தமிழகத்தைச் சேர்ந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரி. நான்கு ஆண்டுகள் கழித்து வந்த 1962 பொதுத்தேர்தலில் அவர் மக்களவைக்குத் தேர்வானது, அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் உடன்குடி, குலசேகரன்பட்டினம், சாத்தான்குளம் ஆகிய ஊர்களைச் சுற்றிய திருச்செந்தூர்த் தொகுதியிலிருந்து.

கேள்வி உரிமை வந்த வழி

பிரிட்டனில் அமைச்சரிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வியாகக் குறிக்கப்படுவது 1721இல் பிரபுக்கள் சபையில் கௌப்பர் பிரபு எழுப்பியது. தென்கடல் கம்பெனியின் பங்கு மோசடி வெடித்தபின் தப்பி ஓடிய அதன் காசாளர் ராபர்ட் நைட் பிரஸ்ஸல்ஸில் பிடிபட்டது உண்மையா என்று அவர் கேட்டார். பங்குச் சந்தையும் பொதுமக்களின் பணமும் இந்த வரலாற்றின் தொடக்கத்திலேயே இருக்கின்றன.

இந்தியாவில் இந்த உரிமை தவணை முறையில்தான் வந்தது. 1861இன் சட்டப்படி அமைந்த சட்ட மன்றங்களில் உறுப்பினர்கள் தங்கள் முன் வைக்கப்பட்ட மசோதாவைப் பற்றி மட்டுமே பேசலாம். நிர்வாகத்தைப் பற்றி வாய் திறக்க முடியாது. 1892இன் இந்தியக் கவுன்சில்கள் சட்டம் கேள்வி கேட்கும் உரிமையைத் தந்தது. அடுத்த ஆண்டில் பிங்கா அரசர் கேட்டதே மத்திய சட்ட மன்றத்தின் முதல் கேள்வி. சுற்றுப்பயணம் வரும் அதிகாரிகளுக்குப் பொருள்கள் வழங்கும்படி சிற்றூர்க் கடைக்காரர்கள் வற்புறுத்தப்படுவதால் நேரும் துன்பம் பற்றியது அது. ஆனால் விடை வந்தபின் அதன்மீது மறுகேள்வி கேட்க அனுமதி இல்லை. அரசு எழுதிக் கொண்டுவந்ததைப் படிக்கும், உறுப்பினர் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டும்.

அந்தக் கதவைத் திறந்தது 1909இன் மிண்டோ-மார்லி சீர்திருத்தம். முதல் கேள்வியைக் கேட்டவர் மட்டும் விடையிலிருந்து துணைக் கேள்வி எழுப்பலாம் என்றது அது. 1919இன் சட்டப்படி 1921இல் கூடிய புதிய அவைகளில் எந்த உறுப்பினரும் துணைக் கேள்வி கேட்கும் நிலை வந்தது. இதுவே பெரிய மாற்றம். முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட கேள்விக்கு அலுவலர்கள் விடை தயாரித்துக் கொடுத்துவிடலாம். அடுத்த இருக்கையிலிருந்து திடீரென்று வரும் கேள்விக்கு அமைச்சரே கோப்பைப் படித்திருக்க வேண்டும்.

இன்றைய மக்களவை விதிகளும் இந்த வேறுபாட்டின்மேல் கட்டப்பட்டவை. வாய்மொழி விடை வேண்டும் கேள்விக்கு நட்சத்திரக் குறி இடப்படும், அதற்குத் துணைக் கேள்விகள் உண்டு. நட்சத்திரம் இல்லாத கேள்விக்கு எழுத்து மூல விடை அவையின் மேசையில் வைக்கப்படும், அதோடு சரி. ஒரு நாளுக்கு நட்சத்திரக் கேள்விகள் 20 மட்டுமே. எவை இடம்பெறும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. அந்த இருபதிலும் சில கேள்விகளுக்குள் மணி 12 ஆகிவிடுவதே வழக்கம். கேள்வி 150 சொற்களுக்கு மேல் போகக் கூடாது, வாதமும் ஊகமும் ஏளனமும் அதில் இருக்கக் கூடாது என்றும் விதி சொல்கிறது. ஏளனத்தைத் துணைக் கேள்வியில் வைத்துக்கொள்வது உறுப்பினர்கள் கண்ட வழி.

முந்த்ரா விவகாரம்

1956இல் தனியார் ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் நாட்டுடைமையாகி, அவ்வாண்டு செப்டம்பரில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொடங்கியது. அதற்குத் தூண்டுகோலாக இருந்தவர்களில் ரேபரேலி உறுப்பினர் பெரோஸ் காந்தியும் ஒருவர். காங்கிரஸ்காரர், பிரதமர் நேருவின் மருமகன். டால்மியா குழுமம் காப்பீட்டுப் பணத்தைக் கையாண்ட விதத்தை 1955 டிசம்பரில் மக்களவையில் விரிவாகப் பேசியவர் அவர். அவையில் பேசியதைப் பத்திரிகைகள் அச்சமின்றி வெளியிட வழிசெய்த 1956இன் சட்டமும் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவிலிருந்து வந்ததே. அடுத்த ஆண்டு நடந்தவை ஊரெங்கும் பரவியதில் இந்தச் சட்டத்துக்கும் பங்கு உண்டு.

1957 ஜூனில் கழகம் கல்கத்தா வணிகர் ஹரிதாஸ் முந்த்ராவுக்குத் தொடர்புடைய ஆறு நிறுவனங்களின் பங்குகளை வாங்கியது. விலை சுமார் 1 கோடியே 24 லட்சம் ரூபாய். ரிச்சர்ட்சன் குருடாஸ், ஜெஸ்ஸாப், பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷன் ஆகியவை அவற்றுள் அடங்கும். முந்த்ரா அப்போது கடனில் சிக்கியிருந்தார். பங்குகள் சந்தை வழியாக வாங்கப்படவில்லை, அவரோடு நேரடியாகப் பேசி முடிக்கப்பட்டன. இத்தகைய முதலீடுகளை ஆராய வேண்டிய முதலீட்டுக் குழுவிடம் முன்கூட்டிக் கேட்கவும் இல்லை. பணமோ மாதச் சம்பளக்காரரும் சிறுவணிகரும் கட்டிய பிரிமியம்.

செய்தி பத்திரிகைகளில் கசிந்தது. பீகார் உறுப்பினர் ராம் சுபக் சிங் இதைக் கேள்வியாக்கினார். அவரும் காங்கிரஸ்காரரே. செப்டம்பரில் தொடங்கிய கேள்விகள் நவம்பர் இறுதியில் மீண்டும் அவைக்கு வந்தபோது பெரோஸ் காந்தியும் சேர்ந்துகொண்டார். விடைகள் திருப்தி தரவில்லை. டிசம்பர் 16ஆம் நாள் நடந்த விவாதத்தில் பெரோஸ் காந்தி தேதிகள், விலைகள், கடிதங்கள் என்று ஆவணங்களை அடுக்கிப் பேசினார். அவரது கையில் இருந்த தகவல்கள் அமைச்சர் முன்பு தந்த விடைகளோடு பொருந்தவில்லை என்பதுதான் அவையை உலுக்கியது. ஒரு பங்கு பேரத்தில் நட்டம் வந்தது என்பதை அரசு சமாளித்திருக்கலாம். அவைக்கு முழு உண்மை சொல்லப்படவில்லை என்ற ஐயத்தைச் சமாளிக்க முடியவில்லை.

1958 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம். சி. சாக்ளா ஒருநபர் ஆணையமாக அமர்த்தப்பட்டார். விசாரணை பம்பாயில் பொதுமக்கள் முன்னிலையில் நடந்தது, கூட்டம் அலைமோதியது. நிதித்துறைச் செயலர் எச். எம். பட்டேல், பேரத்துக்கு அமைச்சரின் ஒப்புதல் இருந்தது என்றார். அமைச்சர் அதை ஏற்கவில்லை. பிப்ரவரி 10ஆம் நாளிட்ட அறிக்கையில் சாக்ளா, செயலர் செய்ததற்கு அமைச்சரே அரசியல் சட்ட முறைப்படி பொறுப்பு, தனக்குத் தெரியாது என்று அவர் ஒதுங்கிக்கொள்ள முடியாது என்று முடிவு சொன்னார். கிருஷ்ணமாச்சாரி சொந்த ஆதாயம் அடைந்தார் என்று அறிக்கை சொல்லவில்லை. அதே மாதத்தில் அவர் விலகினார். அவருக்கு இதில் பங்கு மிகச் சிறியது என்றே நேரு நம்பினார், அதை எழுதவும் செய்தார். பிப்ரவரி இறுதியில் வரவுசெலவுத் திட்டத்தை நேருவே தாக்கல் செய்ய நேர்ந்தது.

கிருஷ்ணமாச்சாரி கேள்விகளுக்குப் புதியவர் அல்லர் என்பதும் கவனிக்கத் தக்கது. 1937இல் சென்னைச் சட்டமன்றத்திலும், 1942 முதல் தில்லியின் மத்தியச் சட்டமன்றத்திலும் அவர் உறுப்பினராக இருந்தவர். அதாவது வெள்ளையர் அரசைக் கேள்வி கேட்கும் இடத்தில் உட்கார்ந்து பழகியவர். அரசியல் நிர்ணய சபையின் வரைவுக் குழுவிலும் பணியாற்றினார். அமைச்சர்கள் அவைக்குக் கூட்டுப் பொறுப்பு உடையவர்கள் என்ற விதி எங்கிருந்து வந்தது என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

திருச்செந்தூரில் போட்டியின்றி

1957இல் தென்சென்னையில் வென்றிருந்த கிருஷ்ணமாச்சாரி, 1962இல் திருச்செந்தூருக்கு வந்தார். அவரை எதிர்த்து யாரும் களத்தில் இல்லை, போட்டியின்றித் தேர்வானார். அவர் விட்டுவந்த தென்சென்னையில் தி.மு.க.வின் நாஞ்சில் கி. மனோகரன் வென்றார் என்பதைப் பார்த்தால் இடமாற்றத்தின் காரணம் புரியும்.

அந்த ஆண்டில் சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் ஒன்றாகவே தேர்தல் நடந்தது. உடன்குடி வாக்காளர் சாவடிக்குச் சென்று சட்டமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தார். மக்களவைக்கு வாக்களிக்க வாய்ப்பே இல்லை. முந்த்ரா விவகாரத்தில் அமைச்சரின் பொறுப்பைப் பற்றி மக்களவை கேட்டது, நீதிபதி கேட்டார். வாக்காளர் தீர்ப்புச் சொல்லும் முறை வந்தபோது திருச்செந்தூர்த் தொகுதியில் அது நடக்காமலே போயிற்று. போட்டியின்றித் தேர்வாவதைப் பெருமையாகச் சொல்வது அரசியல் வழக்கம். வாக்காளர் பக்கமிருந்து பார்த்தால் அது ஓர் இழப்பு.

அவர் மீண்டும் அமைச்சரானார். 1963இல் காமராஜர் திட்டத்தின்படி மொரார்ஜி தேசாய் விலகியபின் நிதித்துறை இரண்டாம் முறையாக அவரிடம் வந்தது. இந்தியாவின் நிதியமைச்சர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் திருச்செந்தூரின் உறுப்பினராக இருந்தார். 1965 டிசம்பர் 31ஆம் நாள் அவர் மறுபடியும் விலகினார். அவர்மீது வந்த புகார்களை ஆராய வேண்டும் என்று பிரதமர் சாஸ்திரி கருதியதே காரணம். 1967இல் இத்தொகுதியில் சுதந்திராக் கட்சியின் சந்தோஷம் வென்றார்.

யாரிடம் கேட்பது

கேள்வி செல்லும் முகவரி தவறினால் விடை வராது. இதற்கு உடன்குடியே இன்று நல்ல எடுத்துக்காட்டு. கல்லாமொழியில் 1,320 மெகாவாட் அனல்மின் நிலையம் எழுந்துள்ளது. முதலில் பெல் நிறுவனத்தோடு கூட்டுத் திட்டமாகப் பேசப்பட்டு, பிறகு மாநில மின்வாரியத்தின் சொந்தத் திட்டமாகி, பல ஆண்டுகள் இழுபட்டது. அதன் தாமதத்துக்கும் செலவுக்கும் விடை சொல்ல வேண்டியவர் சென்னையில் மின்துறை அமைச்சர். அதே நிலையத்தின் சுற்றுச்சூழல் அனுமதி பற்றிக் கேட்கத் தில்லிக்குப் போக வேண்டும். கரியை இறக்கக் கடலுக்குள் நீளும் இறங்குதளத்தால் மீன்பிடிப்பு பாதிக்கும் என்ற மீனவரின் கவலைக்கு இரண்டு அவைகளிலும் இடம் உண்டு. எனவே இரண்டிலும் அது மற்றவரின் பொறுப்பு என்று தள்ளப்படவும் வாய்ப்பு உண்டு.

பக்கத்துக் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட ராக்கெட் ஏவுதளமும் இப்படியே. விண்வெளித் துறை பிரதமரின் பொறுப்பில் உள்ளது, மக்களவையில் இணையமைச்சர் விடை தருவார். அதற்காக எடுக்கப்பட்ட இரண்டாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைக் கையகப்படுத்தியது மாநில வருவாய்த் துறை. இழப்பீட்டுத் தொகையைப் பற்றிய கேள்வியைத் தில்லியில் கேட்டால் மாநில அரசைக் கேளுங்கள் என்று ஒரு வரி வரும்.

கறையும் இடைவெளியும்

கேள்வி விலைக்கும் போயிருக்கிறது. பம்பாய்த் தங்க வெள்ளி வணிகர் சங்கத்திடம் பணம் பெற்றுக்கொண்டு அவர்களுக்காகக் கேள்வி எழுப்பியதாக எச். ஜி. முட்கல் 1951இல் தற்காலிக நாடாளுமன்றத்தின் விசாரணைக்கு உள்ளானார். 2005இல் மறைகாமிராவில் சிக்கிய 11 உறுப்பினர்கள் நீக்கப்பட்டனர். அவர்களில் பத்துப் பேர் மக்களவை, ஒருவர் மாநிலங்களவை.

2020 செப்டம்பரில் கொரோனா காரணமாகக் கூட்டத்தொடர் சுருக்கப்பட்டபோது வினா நேரமே நீக்கப்பட்டது. நட்சத்திரமில்லாக் கேள்விகளுக்கு எழுத்து விடை மட்டும் தொடர்ந்தது. ஊரடங்கில் நடந்தே ஊர் திரும்பிய வெளிமாநிலத் தொழிலாளர்களில் எத்தனை பேர் இறந்தனர் என்ற கேள்விக்கு, அத்தகைய தரவு பேணப்படவில்லை என்று தொழிலாளர் துறை எழுதித் தந்தது. ஏன் பேணவில்லை என்று எழுந்து கேட்க அந்தக் கூட்டத்தொடரில் எவருக்கும் துணைக் கேள்வி இல்லை. 1909க்கு முன்பிருந்த நிலை அது. 2021இன் வரவுசெலவுக் கூட்டத்தொடரில் வினா நேரம் திரும்பி வந்தது.