'வெரி' என்ற சொல்லின் கதை: உண்மையில் தொடங்கி 'ரொம்ப'வில் முடிந்தது

1/
'வெரி டயர்டு சார்.' 'வெரி ஹை ஃபீவர் டாக்டர்.' 'வெரி வெரி அர்ஜென்ட்.' ஓ.பி.யில உட்கார்ந்தா இந்த 'வெரி' காதுல விழாத நாளே இல்ல. நாம தினமும் சொல்ற இந்தச் சின்ன சொல்லுக்கு எழுநூறு வருஷத்துக்கும் மேல வரலாறு இருக்கு. கடைசியில ஒரு மருத்துவ விஷயமும் இருக்கு. பொறுமையா படிங்க.

2/
'வெரி'ங்கிற சொல்லுக்கு முதல்ல 'ரொம்ப'ன்னு அர்த்தமே கிடையாது. 'உண்மையான'ன்னுதான் அர்த்தம். லத்தீன்ல 'வேருஸ்' என்றால் உண்மை. அது பழைய பிரெஞ்சுல 'வெராய்' ஆச்சு. 1066ல நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடிச்சாங்க. அரண்மனை, நீதிமன்றம் எல்லாத்துலயும் பிரெஞ்சு புகுந்தது. அந்த வழியா வந்த சொல்தான் இது.

நீதிமன்றத்துல சொல்ற 'வெர்டிக்ட்', சர்ட்டிஃபிகேட்டைத் தூக்கிட்டு நாம அலையுற 'வெரிஃபிகேஷன்' ரெண்டும் இதே குடும்பம்தான்.

3/
அப்புறம் எப்படி அர்த்தம் மாறிச்சு? நம்ம பேச்சையே எடுத்துக்கோங்க. 'அவர் உண்மையான நல்ல மனுஷன்.' கொஞ்சம் அழுத்திச் சொன்னா, 'உண்மையிலேயே நல்ல மனுஷன்.' கேக்குறவர் மனசுல பதியுறது, 'ரொம்ப நல்ல மனுஷன்.' அவ்வளவுதான்.

14ஆம் நூற்றாண்டின் கடைசியில சாசர் எழுதின காலத்துல இந்தச் சொல் இன்னும் 'உண்மை' பக்கம்தான் சாய்ஞ்சிருந்தது. 16ஆம் நூற்றாண்டுல 'ரொம்ப' என்கிற அர்த்தம் நல்லா ஊன்றிடுச்சு. பழைய அர்த்தம் முழுசா சாகல. 'தி வெரி மேன்'னு சொன்னா இன்னைக்கும் 'அதே ஆள்தான்'னு அர்த்தம்.

4/
அதுக்கு முன்னாடி ஆங்கிலேயர்கள் 'ரொம்ப'வுக்கு என்ன சொன்னாங்க?

பழைய ஆங்கிலத்துல 'ஸ்வீதே'. வேர் அர்த்தம் 'வலுவாக'. அது வழக்கொழிஞ்சே போச்சு.
அடுத்து 'ரைட்'. இப்போ 'ரைட் ஹானரபிள்'னு பட்டத்துலயும் சில வட்டார வழக்குகள்லயும் ஒட்டிக்கிட்டிருக்கு.
இன்னொண்ணு 'ஃபுல்', அதாவது நிறைய. நம்ம 'ரொம்ப'வும் 'நிரம்ப'வில இருந்து வந்ததுதான்! தொடர்பே இல்லாத ரெண்டு மொழி, ஒரே யோசனை.

5/
ஒரு டாக்டரா என்னை உட்கார வெச்சது அடுத்த சொல்தான்: 'சோர்'. தொண்டை வலிக்கு 'சோர் த்ரோட்'னு சொல்றோமே, அதே 'சோர்'. ஒரு காலத்துல இதுக்கும் 'ரொம்ப'ன்னு அர்த்தம் இருந்தது. 1611ல வந்த கிங் ஜேம்ஸ் பைபிள்ல இடையர்கள் மிகவும் பயந்தாங்கன்னு சொல்ற இடத்துல இந்தச் சொல்தான் இருக்கு.

ஜெர்மன்ல இதோட உறவுக்காரச் சொல் 'ஸேர்'. இன்னைக்கு ஜெர்மன்காரங்க 'ரொம்ப நன்றி'ன்னு சொல்லும்போது அந்த 'ரொம்ப' இதுதான். ஆதியில அர்த்தம் 'வலியோடு'. வலியைச் சொல்ல வந்த சொல், தேய்ஞ்சு தேய்ஞ்சு வெறும் 'ரொம்ப' ஆயிடுச்சு.

6/
இந்த மாதிரிச் சொற்கள் ஏன் தேயுது? எல்லாரும் எல்லாத்துக்கும் போட்டா அதோட வேகம் குறைஞ்சிடும். உடனே புதுசா ஒண்ணைத் தேடுவோம். ஆங்கிலத்துல 'டெரிப்ளி', 'ஆஃபுலி' ரெண்டும் பயத்துல பிறந்த சொற்கள். 'ரியலி', 'லிட்டரலி' ரெண்டும் 'வெரி' போன அதே பாதையில போகுது. நம்ம ஊர்ல? 'பயங்கரமா நல்லாருக்கு'ன்னு சாப்பிட்டுக்கிட்டே சொல்றோம்.

7/
இப்போ மருத்துவத்துக்கு வருவோம். 'ரொம்ப வலி'ன்னு மட்டும் சொன்னா டாக்டருக்குப் பாதிதான் புரியும். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக உளவியலாளர் ரொனால்டு மெல்சாக் 1975ல ஒரு கேள்விப் பட்டியல் வெளியிட்டார். வலியை விவரிக்கிற 78 சொற்கள், 20 குழுக்கள். எவ்வளவு வலிங்கிறதோட, எப்படிப்பட்ட வலின்னும் கேக்கணும். குத்துதா, எரியுதா, துடிக்குதா, பிசையுதா?

8/
இதை நான் புத்தகத்துல படிச்சேன். புரிய வெச்சது ஒரு பெரியவர். சர்க்கரை நோயாளி. 'பெருசா ஒண்ணுமில்ல தம்பி, நெஞ்சு லேசா அடைக்குற மாதிரி இருக்கு'ன்னார். முன்னாடி 'பயங்கர வலி'ன்னு கத்திக்கிட்டிருந்தவரை முதல்ல பார்க்கப் போனேன். பக்கத்துல இருந்த சிஸ்டர்தான் பெரியவர் சட்டை வேர்வையில தொப்பலா நனைஞ்சிருக்கிறதைக் காட்டினாங்க. இ.சி.ஜி. எடுத்தா மாரடைப்பு. பிழைச்சுக்கிட்டார். அந்தச் சில நிமிஷம் இன்னும் எனக்கு உறுத்துது.

'லேசா'வும் 'ரொம்ப' மாதிரிதான். சொல்ற ஆளைப் பொறுத்தது. சர்க்கரை நோய் இருக்கிறவங்களுக்கும் வயசானவங்களுக்கும் மாரடைப்புல வலி குறைவாவே தெரியலாம், சில சமயம் தெரியாமலும் போகலாம்.

9/
அதனால டாக்டர்கிட்ட வரும்போது 'வெரி'யோட நிறுத்தாதீங்க. எங்க வலிக்குது, எப்போ ஆரம்பிச்சது, எப்படி வலிக்குது, அதனால எது முடியலன்னு சொல்லுங்க. 'ராத்திரி ரெண்டு மணியில இருந்து படுக்க முடியல, வேர்த்துக் கொட்டுது'ன்னு சொன்னீங்கன்னா போதும், நான் எழுந்து ஓடி வந்துடுவேன்.

வீட்ல 'ஒண்ணுமில்லப்பா, லேசாதான்'னு சொல்ற அப்பா அம்மா இருந்தா, இதை அவங்களுக்கும் படிச்சுக் காட்டுங்க.