மண்ணுக்குள் நோக்கும் அலை



பக்கத்து வீட்டில் விளக்கேற்றினால் அந்த வெளிச்சம் பலகைச் சுவரைத் தாண்டி நம் வீட்டுக்குள் வருவதில்லை. ஆனால் வானொலி அலை அதே சுவரைக் கடந்து வந்து நம் பெட்டியில் பேசுகிறது. ரேடார் பயன்படுத்துவதும் இந்த வகை அலையைத்தான். அது அலையை அனுப்பி, பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டு படம் வரைகிறது. இருளும் மேகமும் அதற்குத் தடையல்ல.

1981 நவம்பரில் அமெரிக்காவின் கொலம்பியா விண்ணோடம் ஒரு ரேடாரைச் சுமந்து பூமியைச் சுற்றி வந்தது. எகிப்து, சூடான் எல்லைப் பாலைவனத்தை அது படமெடுத்தபோது ஒரு புதுமை நேர்ந்தது. கண்ணுக்கு வெறும் மணலாகத் தோன்றிய இடத்தில் பழங்காலத்து ஆற்றுப் படுகைகள் தெரிந்தன. உலர்ந்த மணலை அலை ஊடுருவி, அடியில் கிடந்த நிலத்தில் பட்டுத் திரும்பியிருந்தது. அறிஞர்கள் அங்கே சென்று மணலைத் தோண்டிப் பார்த்து அதை உறுதி செய்தார்கள்.

நமது ஜொகூர் மண்ணிலும் இப்படிப் பார்க்க முடியுமா? கடினம். மழையில் ஊறிய மண்ணுக்குள் அலை வெகுதூரம் போகாது. வறண்ட நிலமே அதற்கு வாசல். அத்தகைய நிலம் மற்ற கோள்களிலும் நிலாவிலும் உண்டு. 1990 முதல் 1992 வரை மகெல்லன் விண்கலம், மேகம் மூடிய வெள்ளிக் கோளின் தரையை ரேடாரால் படமெடுத்தது.

2008 அக்டோபர் 22ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சந்திரயான்-1 நிலாவை நோக்கிப் புறப்பட்டது. பொள்ளாச்சி அருகே கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை அதன் திட்ட இயக்குநர். கிராமப் பள்ளியில் தமிழில் பாடம் கற்றவர் அவர். அக்கலத்தில் இருந்த அமெரிக்க ரேடார், நிலாவின் வடதுருவத்தில் வெயிலே படாத நாற்பதுக்கும் மேற்பட்ட பள்ளங்களில் பனிக்கட்டி இருப்பதற்கான அறிகுறியைக் கண்டது. இச்செய்தி 2010இல் வெளியாயிற்று.

எனினும் கரடுமுரடான கற்களும் அதே போன்ற எதிரொலியைத் தரக்கூடும் என்று ஐயம் எழுந்தது. ஆகவே 2019 ஜூலை 22இல் சென்ற சந்திரயான்-2, இருவேறு அலைநீளங்களில் இயங்கும் இந்திய ரேடாரைக் கொண்டு சென்றது. நீண்ட அலை கூடுதல் ஆழம் செல்லும். இரண்டையும் ஒப்பிட்டால் கல்லையும் பனியையும் பிரித்தறிவது எளிதாகும். அத்திட்டத்தின் இயக்குநர் வனிதா என்ற பெண்மணி.

பாலைவனத்தில் அலை காட்டியதை மண்வெட்டி மெய்ப்பித்தது. நிலாவின் அந்த வடதுருவப் பள்ளங்களிலோ இன்னும் எவரும் தோண்டிப் பார்த்ததில்லை. அங்கே நீர் உறுதியானால், நாளை செல்வோர் குடிநீரைப் பூமியிலிருந்து சுமக்க வேண்டியிராது. அந்த மண்வெட்டியை ஏந்தும் கை, இன்று தோட்டத்துப் பள்ளியில் எழுத்துக் கூட்டும் பிள்ளையின் கையாகவும் இருக்கலாம்.