மடியும் மடிப்பும்: வெள்ளவத்தைச் சந்தைப் பை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் நிலைத்து நிற்கும் பொருள்களையே நாடிச் செல்வர். கல்வெட்டு, கோயில், கோட்டை, நாணயம் என்பன காலத்தைக் கடந்து நின்று தம்மைத் தாமே காட்டிக்கொள்வன. நாள்தோறும் கையாளப்பட்டு, தேய்ந்து, கிழிந்து, ஈற்றில் அடுப்பில் எரிந்தோ குப்பையில் மக்கியோ மறைந்துபோகும் பொருள்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை. சந்தைக்குக் கொண்டு செல்லும் பை அத்தகையது. எனினும் ஒரு சமுதாயத்தில் யார் உழைத்தனர், யார் சுமந்தனர், யாருடைய சுமை யாரால் ஐயத்தோடு நோக்கப்பட்டது என்னும் வினாக்களுக்குக் கோட்டைகளைக் காட்டிலும் பைகளே தெளிவான விடை தரக்கூடும்.

சந்தைப் பையின் இயல்பிலேயே ஒரு முரண்பாடு உள்ளது. போகும்போது அது வெறுமையாக இருக்கிறது, வரும்போது நிறைந்திருக்கிறது. நிறைந்த நிலையில் அது எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டுமோ, வெறுமையான நிலையில் அவ்வளவு சிறிதாக இருத்தல் வேண்டும். பயன்படாதபோது ஒடுங்கிக் கிடக்கும் பையொன்றை வடிவமைத்தல் என்பது இம்முரண்பாட்டைத் தீர்க்கும் முயற்சியேயாகும். இம்முயற்சி மேனாட்டு வடிவமைப்பாளர்களோடு தொடங்கியது எனக் கருதுவது பொருந்தாது.

யாழ்ப்பாணத்துப் பனையோலைப் பின்னல்களை எடுத்துக்கொள்வோம். கடகம், பெட்டி, குட்டான், நீற்றுப்பெட்டி ஆகியன அடியும் சுவரும் கொண்டவை, மடிக்க முடியாதவை. அவற்றைச் சிறு இடத்தில் வைப்பதற்கு ஒரே வழி, ஒன்றனுள் ஒன்றாக அடுக்குவதுதான். உமலோ வேறு வகையினது. இரண்டு முகங்கள் மட்டுமே கொண்டு, தனியாக ஓர் அடித்தளமின்றிப் பின்னப்படுவதால் அது வெறுமையாக இருக்கும்போது தட்டையாகக் கிடக்கும். கமக்கட்டில் இடுக்கிக்கொண்டு நடக்கலாம். மீனும் மரக்கறியும் இட்டால் வயிறு திறக்கும். ஆயின் காய்ந்த ஓலை ஓரளவுக்கு மேல் வளையாது. திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் மடித்தால் அவ்விடத்திலே முறியும். எனவே உமலைத் தட்டையாக்கலாமேயன்றிச் சுருட்டி இடுப்பிற் செருக முடியாது. அடித்தளம் கொடுத்தால் கொள்ளளவு கூடும், மடிப்புக் கெடும். அடித்தளத்தை நீக்கினால் மடிப்பு வாய்க்கும், முட்டையும் தக்காளியும் நசுங்கும். பை வடிவமைப்பின் முழுச் சிக்கலும் இந்த அடித்தளத்திலேதான் தங்கியுள்ளது.

இதே சிக்கலை அமெரிக்காவில் எதிர்கொண்டவர் மார்கரெட் நைட் என்னும் பெண்மணியாவார். ஆலைத் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கிய அவர், அடி தட்டையான கடதாசிப் பையை மடித்து ஒட்டும் இயந்திரத்துக்கு 1871இல் காப்புரிமை பெற்றார். அவரது மாதிரியைப் பார்த்துத் தானே காப்புரிமை கோரிய ஆடவர் ஒருவருடன் வழக்காடி வென்ற பின்னரே அது அவருக்குக் கிட்டியது. அவ்வகைப் பை தட்டையாக அடுக்கப்படுவது; விரித்தால் பெட்டிபோல் நிற்பது. எளிய பொருளாகத் தோன்றினும் அதன் கணிதம் எளிதன்று. 2004இல் டெவின் பால்க்கொம், எரிக் டிமெயின், மாட்டின் டிமெயின் ஆகியோர், வழக்கமான மடிப்புக் கோடுகள் மட்டும் உள்ள பையின் முகங்கள் வளையாத தகடுகளாக இருப்பின் அப்பை மடியவே மடியாது என நிறுவினர். கடையிலே நாம் கடதாசிப் பையை மடிக்க முடிவது கடதாசி சற்று வளைந்து கொடுப்பதனாலேயாம். வளையாத பொருளாலான உயர்ந்த பையையும் மடிப்பதற்குப் புதிய மடிப்புக் கோடுகளை ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெய்னா வூ, சொங் யூ ஆகியோர் 2011இல் வெளியிட்டனர். உமலின் ஓலை முறிவதும் இக்கணிதம் கூறுவதும் ஒரே உண்மையின் இரு பக்கங்களே.

ஓலையால் இயலாததைத் துணி செய்தது. தமிழ்ச் சொல்வழக்கே இதற்குச் சான்று. 'மடி' என்னும் சொல் மடித்தற் செயலையும் இடுப்பில் உடுத்த சேலையின் மடிப்பையும் ஒருங்கே குறிக்கும். மடிச்சீலை என்பது பணப்பையின் பெயர். முந்தானை முடிச்சும், வெற்றிலையும் சில்லறையும் வைத்து இடுப்பிற் செருகும் கொட்டப்பெட்டியும், கயிற்றை இழுத்தால் வாய் ஒடுங்கும் சுருக்குப்பையும் பெண்களின் பொருள் சேமிப்பிடங்களாயிருந்தன. அதாவது உடையே பையாக இருந்தது. ஐரோப்பாவிலும் நிலை பெரிதும் வேறன்று. அங்கே பெண்கள் பாவாடைக்கு அடியிற் கட்டிய பைகளிற் பொருள்களை வைத்திருந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மெல்லிய, உடலோடு ஒட்டிய ஆடைகள் வழக்கிற்கு வந்தபோது அப்பைகளுக்கு இடமில்லாது போயிற்று. கையிற் பிடிக்கும் சுருக்குப்பை தோன்றியது. இக்காலத்துக் கைப்பையின் மூதாதை அதுவே. உடை பையைக் கைவிடும்போது பை கைக்கு வருகிறது எனலாம்.

வெள்ளவத்தையில் இம்மாற்றம் உத்தியோகத்தோடு தொடர்புபட்டு நிகழ்ந்தது. கரையோரப் புகையிரதப் பாதையும் காலி வீதியும் அருகருகே ஓடும் இப்பகுதி, அரசாங்க உத்தியோகம் நாடி வடக்கிலிருந்து வந்த குடும்பங்களின் வாழிடமாக வளர்ந்தது. 1942இல் நிறுவப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கம் இங்கு நிலைகொண்டமையும் இராமகிருஷ்ண மிஷன் இங்கு அமைந்தமையும் அவ்வளர்ச்சியின் அடையாளங்கள். துணியோடும் இவ்வூருக்குப் பழைய உறவு உண்டு. வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலையில் 1933இல் நடந்த வேலைநிறுத்தம் இலங்கைத் தொழிலாளர் இயக்க வரலாற்றில் ஒரு திருப்பம். கொல்வின் ஆர். டி சில்வா தொழிலாளர் பக்கம் நின்றார். அவரை உள்ளடக்கிய இடதுசாரி இளைஞர் குழுவினரே 1935இல் லங்கா சமசமாசக் கட்சியை அமைத்தனர். ஆலைத் தொழிலாளருட் பலர் மலையாளிகளாக இருந்தமையால், அவர்களுக்கெதிரான இனவாதப் பரப்புரையும் அவ்வேலைநிறுத்தத்தின்போது எழுந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. ஆலை நின்ற நிலத்தில் இன்று ஹவ்லொக் சிற்றி அடுக்குமாடிகள் நிற்கின்றன.

பெண்கள் ஆசிரியைகளாகவும் எழுதுவினைஞர்களாகவும் வேலைக்குச் செல்லத் தொடங்கியபோது கைப்பை அவர்களுக்கு இன்றியமையாததாயிற்று. பருவகாலச் சீட்டு, பேனா, சிறு பணப்பை, உணவுப் பொதி ஆகியவற்றைத் தாங்குவது அது. ஆனால் கோட்டையில் அலுவலகம் முடிந்து மாலைப் புகையிரதத்தில் வெள்ளவத்தையில் இறங்கும் பெண்ணின் வேலைநாள் அத்துடன் முடிவதில்லை. வீட்டை அடையுமுன் சந்தையில் மரக்கறியும் மீனும் வாங்கியாக வேண்டும். அலுவலகத்துக்குச் சந்தைப் பையைத் தூக்கிச் செல்வது மதிப்புக்கு இழுக்கு. சந்தையிற் கைப்பைக்குள் மீனை வைப்பதோ இயலாத செயல். எனவே கைப்பைக்குள் நான்காக மடித்த சீலைப் பையொன்று குடிபுகுந்தது. பைக்குள் பை என்னும் இவ்வேற்பாடு, இரட்டை வேலைநாளைக் கொண்ட பெண்ணின் கண்டுபிடிப்பு. ஆடவர் உத்தியோகத்துக்குச் செல்லத் தொடங்கிப் பல தலைமுறைகள் ஆகியும் அவர்களது சட்டைப்பையில் இத்தகைய பை காணப்படாமை தற்செயலன்று. மேனாட்டு விளம்பரங்கள் இதனை 'வசதி' என்று பெயரிட்டு விற்றன. அவ்வசதியின் பின்னே நிற்பது பகிர்ந்துகொள்ளப்படாத வீட்டுவேலையாகும்.

1970 முதல் 1977 வரையிலான இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் சீலைப் பைக்குத் தட்டுப்பாட்டின் அறிவு கைகொடுத்தது. கோதுமை மா வந்த துணிச்சாக்கு வெட்டித் தைக்கப்பட்டது. பழைய வேட்டியும் காற்சட்டைத் துணியும் பையாகப் பிறவியெடுத்தன. கூட்டுறவுக் கடை வரிசையிற் பையும் பங்கீட்டுப் புத்தகமும் இணைபிரியாதிருந்தன. கோரையினத்துப் பன்புல்லால் இழைத்த பன்பையும் தென்னிலங்கையிலிருந்து சந்தைக்கு வந்தது. திறந்த பொருளாதாரக் கொள்கை 1977இன் பின் நடைமுறைக்கு வந்தபோது இந்நிலை மாறியது. இறக்குமதிப் பொருள்களோடு, கடைக்காரர் இலவசமாகக் கொடுக்கும் பொலித்தீன் பையும் பெருகியது. மக்கள் அதனைச் 'சொப்பிங் பை' என்றனர். பை கொண்டு செல்லும் வழக்கமே அருகத் தொடங்கியது.

இப்பையின் பிறப்பு வேறொரு நோக்கத்திலே நிகழ்ந்தது. சுவீடனில் செலோபிளாஸ்ற் நிறுவனத்தில் பணியாற்றிய ஸ்ரென் குஸ்ராவ் தூலின் வடிவமைத்த, கைபிடியும் உடலும் ஒரே தாளாக அமைந்த பொலித்தீன் பைக்கு 1965இல் அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. சில கிராம் நிறையே உடைய அது பல கிலோகிராம் சுமையைத் தாங்கும், கைக்குள் அடங்கும். தூலின் அதனை மடித்துச் சட்டைப்பையில் வைத்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தி வந்தார் என்று அவருடைய மகன் பின்னாளில் கூறியுள்ளார். ஒடுங்கக்கூடிய பை என்னும் இலட்சியத்தை அது முற்றாக எய்தியது. அதன் மலிவே, அதனை மடித்து வைக்கவேண்டிய தேவையை இல்லாதாக்கிற்று.

மேற்கில் மடிப்பு ஒரு நாகரிகமாக மீண்டது 1993இல் ஆகும். பிரான்சின் லோங்ஷாம் நிறுவனத்தைச் சேர்ந்த பிலிப் கசகிரேன், யப்பானியக் கடதாசி மடிப்புக் கலையிலிருந்து உளத்தூண்டல் பெற்று, நைலோன் துணியும் தோற் கைபிடியும் கொண்ட 'ல பிளியாஜ்' என்னும் கைப்பையை வடிவமைத்தார். மடிப்பு என்பதே அப்பெயரின் பொருள். மடித்து, தோல் மூடியைப் பொருத்தினால் அது ஒரு சிறு நூலின் அளவினதாகும். வளையும் உடல், வளையாத விளிம்பு என்னும் பகுப்பே அதன் நுட்பம். முறியக்கூடிய இடத்தில் முறியாத பொருளை வைத்தார் அவர். வெள்ளவத்தையின் சீலைப் பைக்கு அதுகாறும் எவரும் பெயரிடவுமில்லை, காப்புரிமை கோரவுமில்லை.

பாரிசில் மடிப்புப் பை நாகரிகமாகிய அக்காலத்தில் வெள்ளவத்தையில் பை என்பது வேறொரு பொருளை ஏற்றிருந்தது. 1983 யூலையில் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டபோது ஓடியவர்களின் கையில் எஞ்சியது ஒரு பையளவே. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி உள்ளிட்ட அகதி முகாம்களுக்கும், அங்கிருந்து கப்பலில் வடக்கிற்கும் சென்றோருட் பலருக்கு அப்பையே வீடாக இருந்தது. 1996 யூலை 24இல், வெள்ளவத்தைக்கு அடுத்த நிலையமான தெகிவளையில் மாலைப் புகையிரதத்திற் பொதிகளாக வைக்கப்பட்ட குண்டுகள் வெடித்து அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த அம்மக்களின் கைகளிலும் பைகளே இருந்திருக்கும். அந்த ஆண்டிலிருந்து சோதனைச் சாவடிகள் பெருகின. அடையாள அட்டையிற் பெயரைப் படித்தபின் பையைத் திறக்கச் சொல்வதும், அதற்குள் மடித்து வைத்த பையையும் விரிக்கச் சொல்வதும் வழமையாயின. மடியிற் கனமில்லையேல் வழியிற் பயமில்லை என்பது முதுமொழி. வெறும் மடியோடு சென்றவர்களுக்கும் அவ்வழியில் அச்சம் இருந்தது. ஒடுங்கி மறைந்திருத்தலே மடிப்புப் பையின் சிறப்பு. எல்லாம் வெளிப்படத் தெரியவேண்டும் என்பதே சாவடியின் நியதி. இரண்டும் இயைய முடியாதவை.

2007 யூன் 7ஆம் நாள் அதிகாலையில் கொழும்பின் விடுதிகளிலே தங்கியிருந்த தமிழர் 376 பேர் பஸ் வண்டிகளில் ஏற்றப்பட்டு வவுனியா உள்ளிட்ட இடங்களை நோக்கி அனுப்பப்பட்டனர். வெள்ளவத்தை விடுதிகளிலிருந்தும் ஆட்கள் வெளியேற்றப்பட்டனர். பொதி கட்டுவதற்குச் சிறிது நேரமே அவர்களுக்குக் கிடைத்தது. மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடையுத்தரவு பிறப்பித்தது. பலர் மீள அழைத்துவரப்பட்டனர். வெளிநாட்டுப் பயண ஏற்பாட்டுக்காகவும் மருத்துவத்துக்காகவும் வந்து தங்கியோர் அவருள் இருந்தனர். எதனை எடுப்பது, எதனை விடுவது என்று அவ்விடைவேளையில் ஒரு தாய் எடுத்த முடிவுகளை எந்த ஆவணமும் பதியவில்லை. 2019 ஏப்பிரல் 21இல் கொட்டாஞ்சேனைப் பகுதியிலுள்ள கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும் ஏனைய இடங்களிலும் முதுகுப்பைகளிற் கொணரப்பட்ட குண்டுகள் வெடித்தபின், மாணவர் உள்ளிருப்பது வெளித்தெரியும் பைகளையே கொண்டுவர வேண்டும் எனச் சில பாடசாலைகள் கோரின. பை தன் அந்தரங்கத்தை முழுமையாக இழந்த கட்டம் அது.

சீலைப் பை மீண்டும் பேசப்படுவதற்குக் காரணம் குப்பையாகும். வங்காளதேசம், வெள்ளநீர் வடிகால்களைப் பொலித்தீன் அடைத்த பட்டறிவால், 2002இல் மெல்லிய பைகளைத் தடைசெய்தது. இலங்கையில் 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீன் மீதான தடை 2007இல் வந்ததெனினும் அது செவ்வையாக நடைமுறைப்படவில்லை. 2017 ஏப்பிரல் 14, புத்தாண்டு நாளன்று, மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்த பின்னரே, அவ்வாண்டு செப்டெம்பரில் தடை இறுக்கமாயிற்று. மாநகரின் வீடுகளிலிருந்து சென்ற கழிவு, ஏழைகளின் வீடுகளின் மேல் விழுந்தது. தமிழ்நாட்டரசு 2021 டிசெம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. இலங்கையில் 2025 நவெம்பர் முதல் கைபிடியுள்ள பொலித்தீன் பையைக் கடைகள் இலவசமாக வழங்குவது நிறுத்தப்பட்டது.

இப்பொழுது காலி வீதிக் கடைகளில் மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும் பொலியெஸ்ரர்ப் பைகள் விற்பனையாகின்றன. அவையும் கனிய எண்ணெயிலிருந்து பிறந்த செயற்கை இழைகளே. பலமுறை பயன்படுத்தினாலன்றி அவற்றால் நன்மையில்லை. 1978இல் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபையின் முயற்சியால் ஓலைக் கைப்பைகளும் சந்தைக்கு வருகின்றன. அழகும் உறுதியும் உடைய அவை இன்னும் அடித்தளத்தோடுதான் பின்னப்படுகின்றன. உமலைப் போலத் தட்டையாகும் பின்னலோடு, மடிப்புக் கோடுகளில் மட்டும் துணியை இணைத்து, ஓலை முறியாது நான்காக மடியும் பையொன்றைச் செய்தல் கைவினைஞருக்கும் பொறியியல் மாணவருக்கும் பொதுவான ஒரு கணக்கு. அதனைத் தீர்ப்பதற்கு வேண்டிய கணிதம் அச்சிற் கிடக்கிறது. பின்னல் அறிந்த கைகள் வடக்கில் இருக்கின்றன.