சுராங்கனிக்கு எத்தனையாவது இடம்?

எழுபதுகளில் நைனார்பாளையம் டீக்கடையில் நாங்கள் நாலு பேர். இலங்கை வானொலியில் சினிமாப் பாட்டு ஓடினால் பேச்சும் கூடவே ஓடும். பொப் பாட்டு வந்தால் பேச்சு நின்றுவிடும். (நாம்தான் 'பாப்' என்போம், அவர்களுக்கு அது 'பொப்'.) சினிமாவில் வராத தமிழ்ப் பாட்டு இப்படித் துள்ளும் என்பதே எங்களுக்குப் புதிது. அந்தத் துள்ளல் பைலாவுடையது. 1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கீசியர் வழியாக அங்கே தங்கிவிட்ட தாளம்.

எது முதலிடம் என்பதில்தான் சண்டை. என் ஓட்டு நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'வுக்கு. தமிழ்ப் பொப்புக்கு வழி போட்டவர் அவர். இன்னொருவனோ சிலோன் மனோகரின் 'சுராங்கனி'க்கு மேலே எதையும் வைக்க விடமாட்டான். 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா அதை எடுத்தாண்டதும், "பாத்தியாடா, சினிமாவே இதைத் தேடி வந்துடுச்சு!" என்று குதித்தான். சினிமாவுக்குப் போனபின் அது நம் பட்டியலிலேயே சேராது என்று நான் மடக்கியது எடுபடவில்லை.

1983 ஜூலைக்குப் பிறகு அவனே அதை எடுத்துவிடச் சொன்னான். சிங்களமும் தமிழும் சேர்ந்து சிரிக்கிற பாட்டை இனி எப்படிடா கேட்கிறது என்றான். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அந்த இடத்துக்கு வேறு பாட்டை ஏற்றவும் இல்லை.

2018 ஜனவரியில் மனோகர் சென்னையில் காலமான அன்று அவனிடமிருந்து போன்.

"மொத இடம் காலியாத்தானே இருக்கு? திரும்ப வச்சிடுடா."

வைத்துவிட்டேன். சின்ன மாமிக்கு இரண்டாவது இடம்தான்.