பதிப்பாசிரியரும் பதிப்பாளரும்: உ.வே. சாமிநாதையருக்கு வந்த கடிதங்கள், அழகர்கோவில் சான்றோடு

சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் மதுரை புறப்படும்போது அவர் பூண்டிருக்கும் நகைகளின் பட்டியலைப் பதினெட்டாம்படிக் கருப்பசாமி முன்னால் வாசிப்பார்கள். மலைக்குத் திரும்பியதும் மறுபடி வாசித்துச் சரிபார்ப்பார்கள் என்று அழகர்கோவில் வட்டாரத்தில் சொல்வதுண்டு. போனதற்கும் கணக்கு, வந்ததற்கும் கணக்கு. ஒருவருடைய கடித ஆவணத்தைக் கையிலெடுக்கும் ஆய்வாளர் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே. போனவை இதில் உண்டா, வந்தவை மட்டும்தானா?

சென்னை பெசன்ட் நகரிலுள்ள டாக்டர் உ.வே. சாமிநாதையர் நூல்நிலையத்தில் இருக்கும் கடிதங்கள் பெரும்பாலும் வந்தவை. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவை. அவற்றில் 1877 முதல் 1900 வரையிலான 700 அளவிலான கடிதங்களை ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து, 'உ.வே. சாமிநாதையர் கடிதக் கருவூலம்' என்ற பெயரில் நூல்நிலையம் 2018-இல் வெளியிட்டது. ஆதீனத் தலைவர், ஜமீன்தார், வக்கீல், கல்லூரி ஆசிரியர், ஈழத்துப் பெரியவர், ஐரோப்பியத் தமிழறிஞர் என எழுதியவர்கள் பலதரத்தினர். இவர்களுக்கு ஐயர் என்ன எழுதினார் என்பதை மறுமொழியிலிருந்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஆவணம் முழுவதும் அவர் பெயரில். அவர் குரலோ அதில் அரிது.

இக்கட்டுரை ஒன்றைத்தான் வாதிடுகிறது. இக்கடிதங்களைத் தமிழறிஞர் ஒருவரின் வாழ்க்கைக் குறிப்புகளாகப் படிப்பதைவிட, சொந்தப் பொறுப்பில் நூல் அச்சிட்டு விற்ற ஒரு சிறு பதிப்பாளரின் அலுவலகக் கோப்பாகப் படிப்பதே பொருந்தும். நம் இலக்கிய வரலாறு ஐயரைப் பதிப்பாசிரியர் என்று போற்றுகிறது. ஏட்டை ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்தவர் அவர். ஆனால் காகிதத்துக்குப் பணம் புரட்டியவரும், கையொப்பக்காரர்களிடம் முன்பணம் கேட்டு எழுதியவரும், அச்சுக்கூடத்துக்குப் பதில் சொன்னவரும், விற்காத பிரதிகளை வீட்டில் அடுக்கி வைத்தவரும் அவரேதான். அந்தப் பதிப்பாளரை நாம் ஏனோ மறந்துவிட்டோம். கும்பகோணம் கல்லூரியில் 1880-இல் மாதம் 50 ரூபாய்ச் சம்பளத்தில் சேர்ந்த ஒருவர் 1887-இல் சிந்தாமணி, 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை என்று அடுத்தடுத்து வெளியிட்டதற்குப் புலமை மட்டும் காரணமாக இருந்திருக்க முடியாது.

தபால்துறையின் பங்கை இங்கே கணக்கில் சேர்க்க வேண்டும். புத்தகத்தைக் கொடுத்துப் பணத்தை வசூலித்து வரும் வி.பி.பி. முறை இந்தியாவில் 1877-இல் வந்தது. காலணா கார்டு 1879-இல். தபால் மணியார்டர் 1880-இல், அதாவது ஐயர் கல்லூரியில் சேர்ந்த அதே ஆண்டில். கும்பகோணத்தில் குடியிருந்துகொண்டு சென்னை அச்சுக்கூடத்தில் நூல் அச்சிடவும், புரூப் தபாலில் வந்து திருத்தத்தோடு திரும்பவும், திருநெல்வேலியிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் ஒருவரிடம் ஏடு கேட்கவும், அச்சான நூலுக்குப் பணம் வாங்கவும் இந்த ஏற்பாடுகள் வேண்டியிருந்தன. ஒரு தலைமுறைக்கு முன் இதே வேலைக்கு மடத்தின் ஆளோ ஜமீனின் ஆளோ கால்நடையாகப் போயிருக்க வேண்டும். சங்க நூல்களின் அச்சேற்றத்தைச் சுவடிகளின் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். அதில் பாதி தபால்காரரின் கதை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஐயரே தம் பணக்கவலையையும் அச்சுக்கூட அலைச்சலையும் 'என் சரித்திர'த்தில் விரிவாகச் சொல்லியிருக்கிறாரே, கடிதங்கள் புதிதாக எதைச் சொல்லப்போகின்றன என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் 'என் சரித்திரம்' எப்படி எழுதப்பட்டது என்பதை நினைக்க வேண்டும். 1940-இல் ஆனந்த விகடனில் அது தொடங்கியபோது ஐயருக்கு வயது 85-ஐ நெருங்கியிருந்தது. அறுபது ஆண்டுக்கு முந்தைய நாள், கிழமை, ஆள், பேச்சு எல்லாம் அதில் துல்லியமாக வருவதற்கு நினைவாற்றல் மட்டுமே காரணம் என்று சொல்வது பக்தி. கடிதங்களைத் தேதியோடு எடுத்துக் காட்டியே பல அத்தியாயங்களை அவர் நடத்துகிறார். அந்தச் சுயசரிதையின் மூலச்சுவடியே இந்தக் கடிதக்கட்டுத்தான். ஆகவே கடிதத்தைக் கொண்டு சரித்திரத்தை மெய்ப்பிப்பது ஒரே சாட்சியை இரண்டு முறை கூண்டில் ஏற்றுவது. ஆய்வுக்கு அதிகம் பயன்படுபவை அவர் எடுத்துக்காட்டாமல் விட்ட கடிதங்கள். அவற்றில் வெறும் ரசீதுகளும், தாமதத்துக்கு மன்னிப்புகளும், முகவரி மாற்றங்களும் இருந்தால் இன்னும் நல்லது.

இரண்டு பெயர்களை இங்கே நினைத்துப்பார்க்கலாம். சி.வை. தாமோதரம் பிள்ளை சிந்தாமணியைத் தாமே பதிப்பிக்க விரும்பியவர். 1887-இல் கலித்தொகையை வெளியிட்டவர். அவரோடு ஐயருக்கிருந்த உறவைப் பெருந்தன்மை, பொறாமை என்ற சொற்களில் பேசிப் பேசிச் சலித்துவிட்டோம். ஒரே சிறிய வாசகர் வட்டத்தை, ஒரே புரவலர் கூட்டத்தை நம்பியிருந்த இரண்டு பதிப்பாளர்கள் என்று பார்த்தால் அந்த இழுபறிக்குக் குணநலம் தேட வேண்டியதில்லை. மற்றவர் பாரிஸில் தமிழ் கற்பித்த ஜூலியன் வின்சோன். காரைக்காலில் வளர்ந்தவராதலால் ஐயருக்குத் தமிழிலேயே எழுதினார். பாரிஸ் நூலகத்திலிருந்த தமிழ் ஏடுகளைப் பற்றித் தெரிவித்தார். ஆங்கிலம் கல்லாத ஒரு கும்பகோணத்துப் பண்டிதருக்குப் பாரிஸ் எட்டும் தூரத்தில் வந்தது இப்படித்தான்.

இனி அழகர்கோவில். இந்த ஊரைப் பற்றி ஐயர் தனி ஆய்வு எதுவும் செய்ததாகச் சொல்ல வரவில்லை. அவருடைய பதிப்பு வாழ்க்கையின் மூன்று வெவ்வேறு அடுக்குகளில் இந்த மலை தலைகாட்டுகிறது. ஆவணத்தில் எங்கே ஆழமாகத் தோண்ட வேண்டும் என்பதற்கு அது நல்லதொரு சோதனைக்குழி.

மேலடுக்கு சிலப்பதிகாரம், 1892. காடுகாண் காதையில் மாங்காட்டு மறையவன் மதுரைக்கு மூன்று வழி சொல்கிறான். இடப்பக்கத்து வழியில் திருமால்குன்றம், அதாவது அழகர்மலை. அங்கே ஒரு பிலம், சிலம்பாறு, மூன்று பொய்கைகள்: புண்ணிய சரவணம், பவகாரணி, இட்டசித்தி. பவகாரணியில் நீராடினால் பழம்பிறப்பு தெரியவரும். கவுந்தியடிகள் இவற்றில் எதுவும் வேண்டாமென்று மறுத்துவிடுகிறார். (ஆவணக்காப்பகத்தில் உட்காருபவர்களுக்குக் கவுந்தியைவிட மறையவனையே பிடிக்கும்.) இந்தப் பதிப்பின் கதை சுயசரிதையிலும் உண்டு, அச்சான கடிதத் தொகுதியின் கால எல்லைக்குள்ளும் அடங்கும். இரண்டு விளக்குகள் ஒரே இடத்தில் எரிகின்றன.

நடு அடுக்கு பரிபாடல், 1918. அதன் பதினைந்தாம் பாடல், இளம்பெருவழுதியார் பாடியது, அதே மலையான இருங்குன்றத்துத் திருமாலைப் போற்றுகிறது. அப்போது ஐயர் சென்னை மாநிலக் கல்லூரியில் இருக்கிறார், ஓய்வுபெற ஓராண்டு. மதுரைத் தமிழ்ச்சங்கம் பாண்டித்துரைத் தேவரால் 1901-இல் தொடங்கப்பட்டுவிட்டது. தேவர் இப்போது உயிரோடில்லை. போர்க்காலத்தில் காகிதம் கிராக்கி. புரவலரை நம்பிய பதிப்புமுறை மெல்ல வேறொன்றாக மாறிக்கொண்டிருந்த நேரம் அது. 'என் சரித்திரம்' இங்கே துணைக்கு வராது. 1890-களின் இறுதியோடு அது நின்றுவிடுகிறது. அதை முடிக்குமுன்பே ஐயர் 1942 ஏப்ரலில் காலமானார்.

அடியடுக்குதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. மதுரைப் பலபட்டடைச் சொக்கநாதப் புலவரின் அழகர் கிள்ளைவிடு தூதை ஐயர் தம் முதுமையில், 1930-களில் பதிப்பித்தார். தமிழ்விடு தூது, தென்றல்விடு தூது, மான்விடு தூது எனத் தூது நூல்கள் பலவற்றை அவர் வெளியிட்ட பத்தாண்டு அது. கிள்ளைவிடு தூது பதினெட்டாம் நூற்றாண்டு நூல். காப்பியமுமில்லை, சங்க இலக்கியமுமில்லை. 'தமிழ்த் தாத்தா' என்ற பிம்பத்துக்குள் இந்தச் சிறு பிரபந்தங்கள் சரியாக உட்காருவதில்லை; ஆகவே அவற்றைப் பற்றிய பேச்சும் குறைவு. அழகர் மலையிறங்கி மதுரைக்கு வரும் விழாவை அந்நூல் பாடுவதால், சித்திரைத் திருவிழாவின் வரலாற்றை ஆராய்பவருக்கு அது கோயில் ஆவணத்துக்கு நிகரான சான்று. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989-இல் வெளியிட்ட தொ. பரமசிவனின் 'அழகர்கோயில்' ஆய்வு அந்த விழாவைத் தேடி அடியவர்களிடமே போனது. கள்ளர், இடையர், பள்ளர், வலையர் ஆகியோருக்குக் கோயிலோடு உள்ள உறவைக் களஆய்வால் எழுதியது. யாரிடம் கேட்பது என்பதை மாற்றியதால் கோயிலின் வரலாறே மாறியது. கடித ஆய்வும் அதே திசையில் திரும்பலாம். பாண்டித்துரைத் தேவரின் கடிதத்தைத் தேடுவதோடு, ஒரே ஒரு பிரதிக்குப் பணம் அனுப்பிய உள்ளூர்ப் பள்ளி ஆசிரியரின் கார்டையும் தேட வேண்டும். தபால் முத்திரையில் இருக்கும் ஊர்ப்பெயர்களைத் தொகுத்தாலே அந்தக் காலத்துத் தமிழ் வாசகரின் நிலப்படம் கிடைத்துவிடும்.

ஐயர் ஏன் இத்தனையையும் எறியாமல் வைத்திருந்தார்? கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகளை ஆகமத்தில் சொன்னபடி நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டுத் துடித்தவர் அவர். அந்தத் துடிப்பே காகிதத்தின் பக்கமும் திரும்பியது என்பது என் ஊகம். அதோடு, ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரத்தை 1930-களில் எழுதியபோது பிள்ளையவர்களின் கடிதங்களையே சான்றாக வைத்து எழுதியவர் ஐயர். கடிதம் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும்.

தூது என்ற இலக்கிய வகையில் அனுப்புகிறவள் பேச்சு மட்டும் உண்டு. கிளி போனதா, அழகரிடம் சொன்னதா, மாலை வாங்கி வந்ததா என்பதை நூல் சொல்லாது. சாமிநாதையர் ஆவணம் அதற்கு நேர்மாறு. திரும்பி வந்த கிளிகள் எல்லாம் அங்கே கூண்டில் இருக்கின்றன, சொல்லி அனுப்பிய சொல்தான் இல்லை. அது வேறு வீடுகளில் இருக்கும். ஆதீனங்களின் பழங்கோப்புகளில், ஜமீன் வாரிசுகளின் பெட்டிகளில், மதுரை, திருநெல்வேலி, யாழ்ப்பாணத்துப் புலவர் குடும்பங்களின் பரண்களில். அவற்றைத் தேடி எடுத்து, நூல்நிலையத்துக் கடிதங்களோடு தேதி வாரியாக இணைத்து ஒரே பட்டியலாக ஆக்க வேண்டும். வேலையை எங்கிருந்தாவது தொடங்க வேண்டுமென்றால், அழகர் கிள்ளைவிடு தூதின் பிரதி யாரிடமிருந்து வந்தது என்ற சிறு கேள்வியிலிருந்து தொடங்கலாம்.