சித்தூர், திருப்பதி வட்டாரச் சமயங்கள்

ஆந்திரப் பிரதேசத்தின் தென்கோடியிலுள்ள சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் வழங்கும் வழிபாட்டு மரபுகளும் அவற்றின் வரலாறும் இங்கே கூறப்படுகின்றன. வெளியூரார் இவ்வட்டாரத்தை ஏழுமலையான் ஊராகவே அறிவர். ஆனால் சைவம், வைணவம், ஊர்த்தெய்வ வழிபாடு, இசுலாம், கிறித்தவம் என ஐந்து மரபுகள் இங்கே வேர்விட்டுள்ளன. தொல்காப்பியப் பாயிரம் தமிழ் நிலத்தின் வட எல்லையாகக் குறிப்பது வேங்கடத்தை. எல்லை நிலம் என்பதால் தமிழும் தெலுங்கும் கன்னடமும் தக்காணி உருதும் இங்கே கலந்தன. ஆட்சி மாறிய போதெல்லாம் புதிய வழிபாடு வந்து சேர்ந்தது, பழையதும் நிலைத்தது. இவ்வட்டாரத்தின் தனிச்சிறப்பு இதுவே.

மாவட்ட எல்லை

பழைய சித்தூர் மாவட்டம் 1911 ஏப்ரல் 1 அன்று வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டப் பகுதிகளைச் சேர்த்து அமைக்கப்பட்டது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதனுடன் சென்றது. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமாயிற்று. மதனப்பள்ளி புதிய அன்னமய்யா மாவட்டத்துக்குப் போயிற்று. நெல்லூர் மாவட்டத்திலிருந்து கூடூர், சூளூர்ப்பேட்டை பகுதிகள் திருப்பதியுடன் இணைந்தன.

சைவம்

சுவர்ணமுகி ஆற்றுப்படுகையிலுள்ள குடிமல்லம் பரசுராமேசுவரர் கோயில் லிங்கம் இந்தியாவின் மிகப் பழைய லிங்கங்களுள் ஒன்று. கி.மு. 2 அல்லது 1ஆம் நூற்றாண்டினது என அறிஞர் பலர் கருதுகின்றனர். ஏறக்குறைய ஐந்தடி உயரக் கல்லின் முன்புறத்தில், குள்ள உருவம் ஒன்றின் மேல் நிற்கும் வேடர் கோலச் சிவன் செதுக்கப்பட்டுள்ளார். ஒரு கையில் ஆட்டையும் மறு கையில் சிறு கலத்தையும் ஏந்தியிருக்கிறார். தோளில் மழு சாய்ந்திருக்கிறது. அதே ஆற்றங்கரையில் உள்ள திருக்காளத்தி, பஞ்சபூதத் தலங்களுள் வாயுத் தலம். வேடரான கண்ணப்ப நாயனார் வழிபட்ட தலம். காட்டையும் வேட்டையையும் சார்ந்த மக்களின் வழிபாடு பெருஞ்சமயத்துக்குள் இடம்பெற்றதை இவ்விரு தலங்களும் காட்டுகின்றன.

வைணவம்

ஆழ்வார்கள் பாடிய திருவேங்கடத்துக்கு 10ஆம் நூற்றாண்டில் பல்லவர் குடி அரசி சாமவை வெள்ளித் திருமேனி ஒன்றை அளித்தார். போக சீனிவாசர் என்னும் அத்திருமேனியே இன்றும் இரவுப் பள்ளியறை வழிபாடான ஏகாந்த சேவையில் எழுந்தருள்கிறது. மலையடிவாரத்துக் கோவிந்தராசர் கோயிலை நிறுவியவர் இராமானுசர் என்பது வைணவ மரபு. விசயநகரக் காலத்தில் மலைமேல் கோயில் பெருவளம் பெற்றது. கிருஷ்ணதேவராயர் 1513 முதல் 1521 வரை ஏழு முறை வந்து வழிபட்டார். தாள்ளப்பாக்கம் அன்னமய்யாவின் தெலுங்குக் கீர்த்தனைகள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுக் கோயிலுக்குள்ளேயே காக்கப்பட்டன. கோயில் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழிலும், பாடப்படும் கீர்த்தனைகள் தெலுங்கிலும் உள்ளன. மார்கழியில் வடமொழிச் சுப்ரபாதத்துக்குப் பதிலாகத் திருப்பாவை ஓதப்படுகிறது. அந்த ஒரு சன்னிதியில் மூன்று மொழி மரபுகள் ஒன்றையொன்று விலக்காமல் வாழ்கின்றன.

கோயில் நிர்வாகமும் பல கைகள் மாறியது. 1801-இல் ஆர்க்காட்டு நவாபின் ஆட்சியுரிமை கிழக்கிந்தியக் கும்பினிக்குச் சென்றபோது கோயில் மேற்பார்வையும் அதனுடன் சென்றது. 1843-இல் வடஇந்தியத் துறவிகளின் ஹாதிராம்ஜி மடம் பொறுப்பேற்றது. 1933-இல் திருமலை திருப்பதி தேவஸ்தானம் அமைந்தது. திருமலையில் பிற சமயப் பரப்புரையை ஆந்திர அரசு 2007-இல் சட்டப்படி தடைசெய்தது. பிற சமயத்தார் தரிசனத்துக்கு முன் நம்பிக்கை உறுதிமொழியில் கையொப்பமிடும் விதியும் உள்ளது. 1984-இல் தொடங்கிய அஷ்டதள பாத பத்மாராதனை என்னும் சேவைக்குரிய 108 பொற்றாமரைகளைக் காணிக்கையாகத் தந்தவர் குண்டூர் முஸ்லிம் பக்தர் ஒருவர். செவ்வாய்தோறும் நடக்கும் அருச்சனைக்கு அவை பயன்பட்டன.

ஊர்த்தெய்வம்

திருப்பதி நகரின் காவல் தெய்வம் தாத்தய்யகுண்டா கங்கம்மா. ஏழுமலையானின் தங்கையாக மக்கள் போற்றும் இத்தெய்வத்துக்கு மே மாதத்தில் ஒரு வாரம் ஜாத்திரை நடக்கும். அப்போது பக்தர்கள் பல வேஷங்கள் கட்டுவர். பைராகி வேஷத்துக்கு வெள்ளை நாமக்கட்டியும், பண்ட வேஷத்துக்குக் குங்குமமும், தோட்டி வேஷத்துக்குக் கரியும் உடலெங்கும் பூசிக்கொள்வர். ஆண்கள் நேர்த்திக்கடனாகச் சேலை கட்டி, பூ முடித்து வருவர். நிறைவு நாளில் கோயில் வாசலில் அம்மனின் பெரிய மண்முகம் எழுப்பப்பட்டு, பின் கலைக்கப்படும். அந்த மண்ணைப் பிரசாதமாக எடுத்துச்செல்லக் கூட்டம் முண்டியடிக்கும். மலைமேல் தேவஸ்தானத்திலிருந்து தங்கைக்குச் சீர்வரிசை வருகிறது. ஆகமக் கோயிலும் மண் தெய்வமும் உறவு பாராட்டுவதற்கு இது சான்று.

இசுலாம்

கோல்கொண்டா, பிஜாப்பூர், ஆர்க்காட்டு நவாபு, மைசூர் ஆட்சிகளின் வழியே முஸ்லிம் குடியிருப்புகள் பெருகின. பழைய சித்தூர் மாவட்டத்துக் குர்ரம்கொண்டா கோட்டை, மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் மைத்துனர் மீர் ரசா அலிகான் வசமிருந்தது. ஹைதரின் உயிர் பிரிந்ததும் சித்தூர் அருகே நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில்தான். அது 1782 டிசம்பர். மதனப்பள்ளி, புங்கனூர், பலமனேர் ஊர்களில் தக்காணி உருது இன்றும் வீட்டுமொழி. இராயலசீமைச் சிற்றூர்களில் மொகரத்தைப் ‘பீர்ல பண்டுக’ என்று சொல்லி இந்துக்களும் சேர்ந்து நடத்துவர். திருமலையானின் துணைவியருள் ஒருவராக பீபி நாஞ்சாரி என்னும் முஸ்லிம் பெண்ணை மரபு குறிப்பிடுகிறது. அந்த உறவின் பேரில் அண்டை மாவட்டமான கடப்பையின் தேவுனி கடப்பைக் கோயிலுக்கு உகாதியன்று முஸ்லிம் குடும்பங்கள் வழிபட வருகின்றன.

கிறித்தவம்

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு ஏசுசபைத் துறவிகள் புங்கனூரில் பணியாற்றினர். 1853-இல் ஸ்கட்டர் சகோதரர்கள் அமெரிக்க ஆர்க்காட்டு மிஷனை நிறுவினர். சித்தூர் அதன் முக்கிய மையங்களுள் ஒன்றாயிற்று. ஜேக்கப் சேம்பர்லின் 1863-இல் மதனப்பள்ளியில் பணி தொடங்கினார். 1865 முதல் ஜெர்மனியின் ஹெர்மன்ஸ்பர்க் லுத்தரன் மிஷன் சூளூர்ப்பேட்டை, நாயுடுப்பேட்டை, திருக்காளத்தி, திருப்பதி வழியே பரவியது. அதன் வழிவந்த தென்னாந்திர லுத்தரன் திருச்சபைக்குத் திருப்பதியே தலைமையிடம். மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரத்தில் 1915-இல் திறந்த காசநோய் மருத்துவமனை பல மிஷன்களின் கூட்டு முயற்சி. தென்னிந்தியா முழுவதிலிருந்தும் நோயாளிகள், சமய வேறுபாடின்றி, அங்கே சிகிச்சைக்கு வந்தனர்.

மக்கள்தொகைக் கணக்கு

2011 கணக்கெடுப்பில் பழைய சித்தூர் மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 41.7 லட்சம். பத்தில் ஒன்பது பங்கை ஒட்டி இந்துக்கள்; பத்தில் ஒரு பங்கை ஒட்டி முஸ்லிம்கள்; கிறித்தவர் ஏறத்தாழ ஒரு சதவீதம். அப்போதைய ஆந்திர மாநில அளவும் இதை ஒத்ததே: இந்துக்கள் 88.46, முஸ்லிம்கள் 9.56, கிறித்தவர் 1.34 சதவீதம்.

இவ்வெண்களைக் கவனத்துடன் கையாள வேண்டும். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை முதலில் இந்துக்களுக்கு மட்டுமே வழங்கியது; சீக்கியர் 1956-இலும் பௌத்தர் 1990-இலும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரான தலித்துகளுக்கு அத்தகுதி இல்லை. எனவே சபைக்குச் செல்லும் குடும்பங்களுள் சில ஆவணங்களில் இந்துவாகவே தொடர்கின்றன. மறுபுறம், திருமலையின் வைகானச அர்ச்சகரும் காளத்திச் சைவரும் கங்கம்மாவுக்கு வேஷம் கட்டுபவரும் ‘இந்து’ என்ற ஒரே பத்தியில் அடங்கிவிடுகின்றனர்.

சமயத்தை எண்ணுவது எங்குமே எளிதன்று. லெபனான் 1932-க்குப் பின் அதிகாரபூர்வக் கணக்கெடுப்பே நடத்தவில்லை. நைஜீரியா 1991, 2006 கணக்கெடுப்புகளில் சமயக் கேள்வியையே விட்டுவிட்டது. இந்தியா 1872 முதல் கேட்டுவருகிறது. 2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதாலும், 2022-இல் எல்லைகள் மாறியதாலும், பழைய விழுக்காடுகளை இன்றைய மாவட்டங்களுக்கு அப்படியே பொருத்த முடியாது. விழுக்காடு மக்களின் அளவை மட்டுமே சொல்லும். ஒரு சதவீதத்தார் எழுப்பிய மருத்துவமனையும், பொற்றாமரைக் காணிக்கையும், கங்கம்மாவுக்குப் போகும் சீரும் எந்தப் பட்டியலிலும் வாரா. இவற்றையும் சேர்த்துப் பதிவுசெய்தால்தான் இவ்வட்டாரத்தின் சமய வரலாறு முழுமை பெறும்.